மூன்று நாள் போட்ட களிம்பு

என் தம்பி இசக்கிமுத்துவின் மகள் ஜோதிகா 2003 ஜூன் 9 அன்று விளாத்திகுளத்தில் பிறந்தாள். 2005இல் குடும்பம் திருப்பூர் வந்து மண்ணரையில் குடியேறியது. தாய் ராமுத்தாய் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, 2006 ஏப்ரலில் ஓவர்லாக் மெஷினில் டெய்லர் ஆனாள். ஜோதிகா அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் 2022இல் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றாள். எங்கள் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, திருமணம், நோய் ஆகியவற்றை 1998 முதல் நோட்டில் எழுதி வருகிறேன். மேற்கண்டவை அதில் உள்ளவை.

அவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. காய்ச்சலோ புண்ணோ வந்தால் மெடிக்கலில் நான்கு மாத்திரை வாங்குவார்கள். இரண்டில் தணிந்தால் மூன்றாம் நாள் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் டின்னுக்குப் போகும், அடுத்து யாருக்கு முடியவில்லையோ அவருக்கு. அந்த வரிசை வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். அதே வரிசையில் இருந்த எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

2024 ஆகஸ்டில் ஜோதிகாவின் கல்லூரியில் ஓர் ஆய்வுக்காக மாணவர்கள் நூற்றிருபது பேரின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். முப்பத்துநான்கு பேரிடம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா இருந்தது. அவர்களில் ஐவரிடம் இருந்தது வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை. ஜோதிகா அந்த ஐவரில் ஒருத்தி. இது நோயன்று, மூக்கில் சும்மா தங்கியிருப்பது, ஆனால் அடுத்தவர் புண்ணில் ஏறினால் ஆபத்து என்று பேராசிரியர் விளக்கி, மூக்கினுள் ஐந்து நாள் போட ஒரு களிம்பும் கொடுத்தார்.

அறைத்தோழி சித்ரகலா சேவூர்க்காரி. "வாடகை குடுக்காம உன்ற மூக்குல குடியிருக்குதாமா? காலி பண்ணச் சொல்லு கண்ணு" என்றாளாம். ஜோதிகா மூன்று நாள் போட்டாள். தும்மல்கூட இல்லாத மூக்குக்கு எதற்கு மருந்து என்று தோன்றியது, தேர்வும் நெருங்கியிருந்தது. விட்டுவிட்டாள். மறுபரிசோதனைக்கும் போகவில்லை. தீபாவளிக்கு வந்தபோது, பையில் கிடந்த டியூபை எடுத்துப் பழக்கப்படி டின்னில் போட்டாள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

2025 பிப்ரவரி 11 அன்று மெஷின் ஊசி ராமுத்தாயின் வலது ஆட்காட்டி விரலில் இறங்கியது. மாலையில் அவளை மெடிக்கலுக்கு நான்தான் அழைத்துச் சென்றேன். கடைக்காரர் அர்த்தநாரி விரலைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நாலு மாத்திரையில இது நிக்காதுங்க. டாக்டர்கிட்ட காட்டிப்போடுங்க."

"வீக்கம் வத்துனாப் போதும்ண்ணே. நாளைக்கு ஷிப்மெண்ட் இருக்கு."

"வருசம் பூராத்தான் உங்களுக்கு ஷிப்மெண்டுங்க."

"எங்க வீட்டுலயே டாக்டர் இருக்கா. நீங்க நாலு மட்டும் குடுங்க."

அர்த்தநாரி நான்கு கொடுத்தார். நானும் மறுத்துப் பேசவில்லை.

மாத்திரை தீர்ந்தபின் அவள் டின்னைத் திறந்தாள். டியூபைக் கண்டு, மகள் வைத்துப்போன மருந்து என்று ஒன்பது நாள் விரலில் தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். பத்தாம் நாள் விரல் கறுத்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். சீழ் எலும்புக்கு எட்டியிருந்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். ஓவர்லாக்கில் துணியை ஊசிக்கு ஊட்டுவது அந்த விரல்தான்.

ஜோதிகா அன்று மாலையே வந்தாள். "இவ்வளவு நாளா என்னம்மா போட்ட?" என்றாள்.

"நீ வச்ச மருந்துதானட்டி. டின்னுல இருந்துச்சே."

ஜோதிகா எழுந்து சென்று, தன் பரிசோதனை முடிவைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் தானே சொன்னாள். சீழைச் சோதித்ததில் அதே வகை பாக்டீரியா இருந்தது. அவளிடம் இருந்த வகைக்கு எந்தெந்த மருந்துகள் பலிக்கவில்லையோ அவையே இதற்கும் பலிக்கவில்லை. மகளிடமிருந்து வந்ததா, டியூப் வழியாகவா, முன்பே தாயிடம் இருந்ததா என்பதை இந்தச் சோதனையால் சொல்ல இயலாது என்றார் டாக்டர். டியூபை நம்பி ஒன்பது நாள் வீணானது மட்டும் நிச்சயம் என்றார். முன்பு என்னென்ன மாத்திரைகள் சாப்பிட்டார்கள் என்று அவர் கேட்டதால் நோட்டைக் கொண்டுபோனேன். அந்த வீட்டில் பத்தாண்டுகளில் பதினேழு முறை மாத்திரை தொடங்கியிருந்தார்கள். ஒருமுறையும் முழுதாக முடிக்கவில்லை.

புதிய ஊசிமருந்தில் சீழ் நின்றது, எலும்பு பிழைக்கவில்லை. ஏப்ரல் 3 அன்று விரலின் மேல்கணுவை எடுத்தார்கள். மறுநாள் ஜோதிகா என்னிடம் நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

"எழுதுங்க பெரியப்பா. களிம்ப மூணு நாள்தான் போட்டேன். மிச்சத்த டின்னுல போட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

"அத எதுக்கு எழுதணும் அத்தான்?" என்றாள் ராமுத்தாய். "நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவுக நோட்டப் புரட்டுனா?"

"புரட்டட்டும்" என்றாள் ஜோதிகா.

ராமுத்தாய் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நாலு மாத்திரைக்கு மேல வாங்காம வந்தேன்னு என்னையும் எழுதிக்கிடுங்க. அவ ஒருத்தி மட்டுமா செஞ்சா?"

இரண்டையும் தேதியிட்டு எழுதினேன். ஜோதிகா தானே டின்னை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, அதிலிருந்த அனைத்தையும் ஒப்படைத்தாள். பிறகு புதுக் களிம்பை ஐந்து நாளும் போட்டாள். மே மாத மறுபரிசோதனையில் அவள் மூக்கில் அந்தப் பாக்டீரியா இல்லை. ராமுத்தாய் அதே கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாறினாள்.

ஓவர்லாக் மெஷினில் அவள் உட்கார்ந்தது பத்தொன்பது ஆண்டுகள்.