சாவதற்கு ஒரு பட்டுச் சேலை

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெண் இறந்துபோனார். மறுநாள் காலை அவரே வீடு வீடாக வந்து கேசரி கொடுத்துவிட்டுப் போனார்.

பதறாதீர்கள். இறந்தது டிவியில்.

பெயர் வசந்தி. ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. வார நாட்களில் பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. சனி, ஞாயிறுகளில் தொலைக்காட்சி நடிகை. தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. நடிக்க வந்து பன்னிரண்டு வருடம். அதில் பத்து வருடம் தட்டு ஏந்தினார். "டீ எடுத்துக்கங்க" என்பார். கேமரா அடுத்தவர் முகத்துக்குப் போய்விடும். மீதி நேரம் அடுத்தவர் சாவுக்கு அழுதார்... மூன்றாவது வரிசையில்.

இந்த வருடம்தான் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடம் கிடைத்தது. பணக்கார வீட்டு மூத்த அக்கா.

பணக்கார வீடு என்றால் முதலில் என்ன வேண்டும்? பட்டுச் சேலை வேண்டும். அந்த நாடகத்தில் உடை, நடிப்பவர் பொறுப்பு. வசந்தியிடம் இருந்ததோ இரண்டே பட்டு. அதனால் எங்கள் தெருவின் அலமாரிகள் திறந்தன. வாரம் ஒரு வீடு, வாரம் ஒரு சேலை. நாடகம் ஒளிபரப்பாகும் நேரத்தில் கதையை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "அந்தா, என் சீலை சோபாவுல உக்காருது" என்பார்கள்.

கொடுத்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை. ஆளுக்கொரு நிபந்தனை.

"மழை சீனுக்கு இத கட்டாதே லா."

"மருமவள அறையுறப்ப என் சீலைய கட்டியிருக்காதே வசந்தி. பாவம் எனக்கு வந்துரும்."

என் மனைவியின் பச்சைப் பட்டும் போனது. ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. பிறந்தநாள், கோயில், ஒரு சண்டை, ஒரு சமாதானம். எங்களுக்கு ஒரே பெருமை.

அப்புறம் ஒருநாள் அந்த அக்கா சாக வேண்டும் என்று கதாசிரியர் முடிவு செய்தார்.

வசந்தி அழவில்லை, துள்ளிக் குதித்தார். மூன்று பக்க வசனம்! தம்பி மகளின் நிச்சயதார்த்தத்தில், சபை நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, பேசிப் பேசி உயிரை விட வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கேமரா அவர் முகத்தில் நிற்கப் போகிறது.

நிச்சயதார்த்தம் ஆயிற்றே... புதுப் பட்டு வேண்டும். நாடகத்தில் ஏற்கெனவே வந்த சேலை ஆகாது என்றார் இயக்குநர். அவரே ஒரு வழியும் சொன்னார்: "கெடைக்கலன்னா பரவால்லக்கா. போட்டோவுக்கு மாலை போட்டு முடிச்சிரலாம்."

சுவரில் ஒரு படம், அதற்கு ஒரு மாலை. மூன்று பக்கமும் போய்விடும்.

விலைக்கு வாங்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு நாள் நடிப்புக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

வசந்தி மறுபடியும் வீடு வீடாக வந்தார். இந்த முறை அலமாரிகள் திறக்கவில்லை.

"எம்மவ கல்யாணம் வருது வசந்தி... தப்பா நெனச்சுக்காதே."

"அது வெள்ளிக்கெழமை கட்டுற சீலை."

"சலவைக்குப் போட்டது இன்னும் வரல லா."

கட்டிய சேலையோடு ஒருத்தி செத்து விழுந்தால், அது நடிப்பாகவே இருந்தாலும், சேலைக்காரிக்கு ஆகாதாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மனைவியிடம் இன்னொரு பச்சை உண்டு. கிளிப்பச்சை, தீபாவளிக்கு எடுத்தது, ஒரு தடவைகூடக் கட்டாதது. மனைவி என்னைப் பார்த்தார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் சகுனத்தையும் சாங்கியத்தையும் நான் எத்தனை வாரம் கிண்டல் செய்திருக்கிறேன்! நீங்களும் படித்திருக்கிறீர்கள், சிலர் பாராட்டி எழுதியும் இருக்கிறீர்கள். அந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பச்சை டிவியில சரியா எடுக்காதும்மா."

நான்கு தடவை எடுத்த பச்சை!

வசந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆமாண்ணே. வேற பாத்துக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில், மேரி அக்காவின் நாசி லெமாக் கடை, தேங்காய்ப்பால் சோறு மணக்கும் நேரம். வரிசையில் எனக்கு முன்னால் வசந்தி. மேரி அக்கா டிவி நாடகமே பார்க்காதவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அதனால் அவரிடம் வசந்தி சேலை கேட்டதே இல்லை.

"என்னா வசந்தி, சாவுறதுக்கு சீலை கெடைக்கலையாமே?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. "ஒங்களுக்கு யாருக்கா சொன்னா?"

"நாசி லெமாக் கட இருக்கையில சிலிபினுக்குப் பேப்பரு எதுக்கு லா?" பத்திரிகைக்காரனான என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "எங்கிட்ட அரக்குப் பட்டு இருக்கு. மவன் கல்யாணத்துக்குக் கட்டினது. சாயங்காலம் வந்து எடுத்துக்க."

"அக்கா... அத கட்டிக்கிட்டு நான் சாவணும்க்கா."

"தெரியும் லா. எங்காளு மூணாம் நாளே எழுந்திரிச்சு வந்தவரு. நான் எதுக்குப் பயப்படணும்? நீ நல்லா சாவு!"

அந்த வாரத்தில் வசந்திக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான். சம்பல் வைத்த இலையை மடித்தபடியே மேரி அக்கா தன் நிபந்தனையையும் சொன்னார்: "விழுவுறப்ப முந்தானைய அடியில போட்டு அமுக்கிறாதே. பார்டரு தெரியணும்."

ஒளிபரப்பான அன்று தெருப் பெண்கள் எல்லாரும் மேரி அக்கா வீட்டு ஹாலில் கூடினார்கள். மனைவியோடு நானும் போய் வாசல் பக்கமாக உட்கார்ந்தேன். வசந்தி மட்டும் வரவில்லை. தன் சாவைத் தன் வீட்டில் தனியாகப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நிச்சயதார்த்தத் தட்டோடு நடந்து வந்தார் — தட்டு ஏந்துவதில் பத்து வருட அனுபவம் ஆயிற்றே. நெஞ்சைப் பிடிக்கவில்லை. தட்டைச் சாயாமல் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மெல்லச் சரிந்தார். சரியும்போது இடது கை முந்தானையைப் பக்கவாட்டில் விரித்துப் போட்டது. மூன்று பக்க வசனத்திலும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அடுத்தவர் சாவுக்கெல்லாம் அழுதவர், தன் சாவில் வந்தவர்களைக் கவனித்தார். கடைசியாகத் தம்பியிடம் கேட்டது இதுதான்: "எல்லாரும் சாப்புட்டாங்களா?"

கேமரா அவர் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

மேரி அக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "பார்டரு தெரியுது பாத்தீங்களா?"

சேலை தர மறுத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் மனைவி வீடு வந்து சேரும்வரை எனக்கு நான்கடி முன்னாலேயே நடந்தார்.

மறுநாள் காலை கேசரியோடு வந்தார் என்றேனே... கொடுத்தவர் வீடு, கொடுக்காதவர் வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறார்.

"நேத்து செத்தவ வந்திருக்கேன் அண்ணே!"

"டைரக்டர் என்னம்மா சொன்னாரு?"

"'ஒரே டேக்குக்கா'ன்னாரு. அது போதும்ணே." அடுத்த நாடகம் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லையாம். அதைப் பற்றிய கவலையும் அந்த முகத்தில் இல்லை. "அண்ணி, ஒங்க பழைய பச்சையக் கட்டிக்கிட்டுத்தான் நான் மொத மொத நாலு வரிக்கு மேல பேசினேன். அதுக்குத் தேங்ஸ். அப்புறம், அந்தக் கிளிப்பச்சைய கொடுக்காததுக்கும் தேங்ஸ் லா."

நான் கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு எதுக்கும்மா?"

"சாவுறதுக்குன்னு கேட்டா கொடுக்க மனசு வரலைன்னா என்னாண்ணே அர்த்தம்? நான் நல்லா இருக்கணும்னுதானே?"

கிண்டலா என்று பார்த்தேன். முகங்களைப் படிப்பது என் தொழில். கிண்டல் இல்லை. சொன்னதை அப்படியே நம்பித்தான் சொன்னார். தாப்பா தோட்டத்திலிருந்து இங்கே வரையில், எத்தனை மறுப்புகளை இப்படி மாற்றி எடுத்துக்கொண்டு நடந்து வந்திருப்பார்?

அந்தச் சேலையை மறுத்தபோது எங்கள் நினைவில் இருந்தது வசந்தியின் ஆயுள் அல்ல, எங்கள் ஆயுள். மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்களின் தகவல் பிழைகளைத் திருத்தியே சோறு தின்றவன் நான். அன்று காலை வாயைத் திறக்காமல் கேசரி தின்றேன்.

தாமதமானாலும் பத்திரிகையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

திருத்தம்: பச்சை, டிவியில் நன்றாகவே எடுக்கும், வந்து எடுத்துக்கொள்ளம்மா.