முழுசாகத் திருகினால் முக்கும் மோட்டார்

அந்த மோட்டாரை நான் காலால் உதைத்திருக்கிறேன். கழியால் அடித்திருக்கிறேன். அதைச் செய்தவனையும், கப்பலில் ஏற்றி அனுப்பியவனையும், மாலை போட்டு எங்கள் தலையில் கட்டிய ஆபீசரையும் ஒருத்தர் விடாமல் திட்டித் தீர்த்திருக்கிறேன். நடு ஏரியில் கேட்க ஆளில்லை என்பதால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். அப்படித் திட்டியதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கரையில் வைத்து ஒரு மனுசனைத் திட்டியதில்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பழவேற்காட்டு ஏரி இறாலுக்குத் திடீரென்று மவுசு வந்தது. அதுவரை கூறு போட்டு விற்றும் மிஞ்சியதைக் காயப்போடுவோம். இப்போதோ மெட்ராஸ் கம்பெனி லாரி ஐஸை ஏற்றிக்கொண்டு, புதுவாயல் கூட்டு ரோட்டில் திரும்பி, எங்கள் படகுத்துறைக்கே வந்து நின்றது. வருகிற லாரி யாருக்கும் காத்திருக்காது. மத்தியானம் ஒரு மணி அடித்தால் எங்களுக்காக ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கிளம்பிவிடும். தீவுக் குப்பங்களில் விடியற்காலை பிடித்த இறாலை அதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாய் விரித்தால் காற்று ஏமாற்றும். கழி போட்டுத் தள்ளினால் தோள் கழன்றுவிடும். அதனால்தான் மீனவர் சொசைட்டிக்குச் சின்னதாக ஒரு மோட்டார் வந்தது. படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார், ஒரே ஆள் தோளில் தூக்கிவிடலாம், தலையிலேயே பெட்ரோல் டாங்கி.

நான் கவரைப்பேட்டையில் ஒரு ரைஸ் மில்லில் இரண்டு வருஷம் ஆயில் இன்ஜின் ஓட்டியவன். அந்த ஒரு தகுதியில் என்னை டிரைவராகப் போட்டார்கள். கூடை ஏற்றி இறக்கவும், ஆழமில்லாத இடத்தில் கழி பிடிக்கவும் என் மனைவியின் அண்ணன் கூட வந்தார். மச்சான் வீடு படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் சொசைட்டியின் பெட்ரோல் கேனும் அங்கேதான் இருந்தது. ஒன்பது மாசம் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடியது.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் பிடித்தது சனி. மெதுவாக ஓட்டினால் மோட்டார் பசு மாதிரி சாதுவாகப் போகும். கைப்பிடியைப் பாதி திருகினாலும் பரவாயில்லை. முழுசாகத் திருகினால் முதல் பத்து நிமிஷம் பறக்கும், பிறகு யாரோ தொண்டையைப் பிடித்து அமுக்கினாற்போல "ம்ம்ம்" என்று முக்கும். படகு தளர்ந்துவிடும். விடாமல் திருகிக்கொண்டே இருந்தால் நின்றே போகும். சுற்றிலும் தண்ணீர், படகு நிறைய இறால், தலைக்கு மேல் வெயில், லாரி கிளம்ப முக்கால் மணி நேரம். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் தெரியும்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்தேன். தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியில் வலைத் துண்டு சிக்கியிருக்கும் என்று குதித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பெட்ரோலில் ஆயில் அதிகமாகிவிட்டதோ என்று அளந்து கலந்தேன். கார்புரேட்டரைப் பிரித்து, அதன் ஊசித் துவாரத்தை பிரஷ் முடியால் குத்தி ஊதினேன். ஒவ்வொரு தடவையும் துறையில் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்த்தால் ராஜா மாதிரி ஓடும். சரியாகிவிட்டது என்று நம்பி ஏரிக்குள் போனால் அதே இடம், அதே முக்கல். என்னை வைத்துக் கேலி பண்ணுகிறது என்றே நினைத்தேன்.

புதுவாயலிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். லாரி மெக்கானிக். இந்த மாதிரி மோட்டாரை அவன் அதற்கு முன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பீடியைக் கடித்துக்கொண்டு டாங்கி மூடியைத் திறந்தான், பெட்ரோல் ஊற்றச் சொன்னான், மூடினான், கயிற்றை இழுத்தான், துறையிலேயே இரண்டு வட்டம் போட்டான்.

"வண்டி குஷியாத்தான் கீது. உனக்குத்தான் ஓட்டத் தெரில" என்றான்.

"இன்னும் கொஞ்ச தூரம் உள்ளாற வந்து பாருய்யா" என்றேன்.

"எனக்கு வேற வேல கீதுபா." அவ்வளவுதான், நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரமே மூன்று நாள் லாரியைத் தவறவிட்டேன். இறால் தலை கறுத்துக் குழைந்துவிட்டது. குப்பத்துப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை. சொசைட்டிக் கூட்டத்தில் செக்ரெட்டரி எழுந்தார். கழி பிடித்துக் கையில் ஒரு கொப்புளம் பார்க்காத மனுசர்.

"மோட்டாரு நல்லா கீதுன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. அப்போ கோளாறு எதுல? பெட்ரோல்ல. இப்போ விக்கிற வெலைக்கு எவனோ பெட்ரோல எடுத்துட்டு கிருஷ்ணாயில ஊத்தி வைக்கிறான்" என்றார். "எவனோ" என்று சொல்லும்போது என்னையே பார்த்தார்.

அதோடு விடவில்லை. கூட்ட நோட்டில் எழுதி, எல்லார் முன்னாலும் வாசித்தார்: "படகு ஓட்டுநர் எரிபொருளில் கலப்படம் செய்வதாகப் பலத்த சந்தேகம். அடுத்த கூட்டத்தில் நீக்கம் குறித்து முடிவெடுக்கப்படும்." எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. வேலை போனால் வலை இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன். திருடன் என்று எழுதி வைத்த ஊரில் வலையைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு நடப்பது? கையை ஓங்கிக்கொண்டு எழுந்தேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தது மச்சான்தான்.

உட்கார வைத்துவிட்டு அவரே பேசினார். கூட்டத்தில் வாயே திறக்காதவர். "எங்க மாப்ள மேல பழி போடற வேலைய வச்சிக்காதீங்க சார். பட்டினி கெடந்தாலும் அடுத்தவன் பொருள தொடமாட்டான்" என்றார்.

அதற்கு நான் செய்த மரியாதையைக் கேளுங்கள். கோபம் வந்தால் எனக்கு மூளை வேகமாக வேலை செய்யும், ஆனால் தப்பாக வேலை செய்யும். வீட்டுக்கு நடக்க நடக்க அது இப்படி ஓடியது: பெட்ரோலில் கலப்படம் என்கிறார்கள். நான் செய்யவில்லை. கேன் யார் வீட்டில் இருக்கிறது? மச்சான் வீட்டில். எந்தக் கூட்டத்திலும் பேசாத ஆள் இன்றைக்கு மட்டும் ஏன் முந்திக்கொண்டு பேசினார்? வீட்டு வாசல்வரை போனவன் உள்ளே போகவில்லை. திரும்பி நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன்.

மச்சானின் மனைவி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். நான் கேனைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனைதான் வந்தது. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"எந்தக் கார்க்காரனுக்கு ஊத்தி வித்த மச்சான்?" என்றேன்.

"இன்னா மாப்ள கேக்கற?"

"நடிக்காத. கேன் உன் ஊட்ல கீது. நான் எடுக்கல. நீயும் எடுக்கலன்னா வேற யாரு, உன் பொண்டாட்டியா எடுத்து வித்துச்சி?"

மீன் ஆய்ந்த கை நின்றது. மச்சான் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கேனைத் தூக்கினார், தெரு முழுக்க நடந்தார், என் வீட்டு வாசலில் இறக்கி வைத்தார். அவர் தங்கை ஓடிவந்து என்ன என்று கேட்டதற்கு, "உன் புருசன கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி கேட்டாள். நான் சொன்னேன். "இன்னாய்யா, எங்கண்ணன் உனுக்கு திருடனா பூட்டானா?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. என்ன சண்டையானாலும் வெள்ளிக்கிழமை சந்தனம் குழைத்துக் கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை, கிண்ணத்தை என் முன்னால் நங்கென்று வைத்தாள். மோட்டாருக்குப் பொட்டு வைப்பதற்காக. ஆயுத பூஜையன்று டாங்கி மூடியின் நடுவில் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்திருந்தேன். மோட்டாருக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அது அந்த மூடிதானே? அன்றுமுதல் வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில், இந்தத் தடவையாவது சாமி கண்ணைத் திறக்கட்டும் என்று பழைய பொட்டின்மேலேயே ஒரு ரூபாய் அகலத்துக்கு அப்பினேன். மச்சான் வரவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

போகும்போது மெதுவாகவே போனேன். திரும்பும்போது படகு நிறைய இறால். முழுசாகத் திருகினேன். பொட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை, முக்கி முனகி நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத நல்ல வார்த்தை கிடையாது. கழியை எடுத்து மோட்டாரை அடித்தேன். "கிருஷ்ணாயிலா குடிக்கற?" என்று கத்திக்கொண்டே மூடியைத் திருகித் திறந்தேன்.

"உஸ்ஸ்" என்றது.

மோட்டார் காற்றை உறிஞ்சியது. நூறு தடவை திறந்த மூடிதான். துறையின் கூச்சலிலும், பக்கத்தில் மச்சானோடு பேசுகிற பேச்சிலும் அந்தச் சத்தம் ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன். பறந்தது, பிறகு முக்கியது. மறுபடி திறந்தேன். "உஸ்ஸ்". பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அதற்கு மூடியில் ஒரு துளை இருக்க வேண்டும். ரைஸ் மில் இன்ஜினில் தினமும் பார்த்த சமாச்சாரம். மெதுவாகப் போகும்போது மூடியின் மரை வழியே கசிகிற காற்றே அதற்குப் போதும். முழு வேகத்தில் போதாது. துறையில் பெட்ரோல் ஊற்ற மூடியைத் திறந்தாலே காற்று புகுந்துவிடும், அதனால்தான் அங்கே ராஜா மாதிரி ஓடியது. மூடியைக் கையில் வைத்துத் துளையைத் தேடினேன். துளை இல்லை. பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்டினேன். காரை மாதிரி இறுகிய சந்தனம் பெயர்ந்து, நகக்கண்ணில் சிவப்பாக ஏறியது.

படகில் குண்டூசிகூட இல்லை. கூடையிலிருந்து ஒரு பெரிய இறாலை எடுத்து, அதன் தலைக் கொம்பை ஒடித்துத் துளையைக் குத்தினேன். அடியில் வெளிச்சம் தெரிந்தது. மாட்டி, இழுத்து, முழுசாகத் திருகினேன். துறைவரை ஒரு முக்கல் இல்லை. லாரிக்காரன் இன்னும் கதவைக்கூட மூடியிருக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கூடைகளை இறக்கியதும் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கார்புரேட்டரைச் சரிபண்ணினேன் என்று சொல்லி நல்ல பேர் வாங்கியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் கலப்படப் பெட்ரோல் அடைத்ததைத்தான் சுத்தம் பண்ணினேன் என்று ஆகிவிடும். நான் திருடன் இல்லை என்று காட்ட, நான் முட்டாள் என்று காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சொசைட்டி ஆபீசில் மூடியைச் செக்ரெட்டரி மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். ஆபீசே சிரித்தது. அன்றுமுதல் எனக்குக் குங்கும டிரைவர் என்று பேர். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

"இப்போ அத்த அடிச்சி எழுதுங்க சார்" என்றேன்.

"சரியா பூச்சில்ல, வுடுய்யா."

"எழுதுங்க சார்." குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் நோட்டை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். "மூடியின் காற்றுத் துளை அடைப்பு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. மை காயும்வரை நின்று பார்த்துவிட்டு நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன்.

அவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுது மச்சான் என்றேன். தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நோட்ல அடிச்சிட்டாரா?" என்றார்.

"அடிச்சிட்டாரு மச்சான். நானே நின்னு பாத்தேன்."

"நல்லது. அது காயிதத்துல கீது, பேனாவால அடிச்சாச்சு. நீ என் வாசல்ல நின்னுக்கினு என் பொண்டாட்டி காதுல சொன்னத எத்த வச்சி அடிப்ப?"

அவர் கட்டைவிரலிலிருந்து வலையைக் கழற்றினார். எழுந்து, "சாப்ட்டு போ மாப்ள" என்று தட்டு வைத்தார். அவர் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவர்தான் பரிமாறினார், கூட உட்காரவில்லை.

மறுநாளே வேலைக்கு வந்தார். கூடை ஏற்றினார், கழி பிடித்தார், முன்போலவே பேசினார். எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் துறையில் இறங்குவதற்கு முன் தன் துணிப்பையை என் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"பாத்துக்க மாப்ள" என்றார்.

வேண்டாம் என்று சொன்னேன். கத்தினேன். ஒருநாள் பையைப் பிடுங்கித் தண்ணீரில் வீசினேன், அவர் குதித்து எடுத்துவந்து ஈரத்தோடு விரித்துக் காட்டினார். அந்தப் படகில் நாங்கள் சேர்ந்து ஓடிய அத்தனை வருஷமும், ஒரு நாள் விடாமல், காட்டிவிட்டுத்தான் இறங்கினார். உள்ளே கழுவின சோத்துத் தூக்கு ஒன்றும், ஒரு துண்டும்தான் இருக்கும்.