பஸ் வரும்வரை ஒரு யானை

உள்ளறையிலிருந்து யானை பிளிறியது.

மாதேஸ்வரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த நான் திடுக்கிட்டதில் புடவையில் இரண்டு சொட்டு சிந்தியது. பிளிறலுக்குப் பின்னால் குழந்தைகளின் கூச்சல். அது அடங்கியதும் மூன்று மொழிகளில் ஒரே கேள்வி. "அப்புறம்?" என்றது ஒரு குரல். "ஆமேலே?" என்று கேட்டது கன்னடக் குரல். "தர்வாத்த?" என்றது தெலுங்கு.

"இருங்க சாமிங்களா, யானை கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்," என்றது யானை.

எட்டிப் பார்த்தேன். பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார் மாதேஸ்வரி. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, படம் குழந்தைகளுக்குத் தெரிகிற மாதிரி பிடித்திருந்தார். எழுத்து அவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். மேலிருந்து குனிந்து, தலைகீழாகவே படித்துப் பழகிவிட்டார். ஒரு பக்கம் முடிந்ததும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அந்தரத்தில் சற்று நிறுத்தி வைத்து, அப்புறம்தான் தாளைத் திருப்புவார். விரல் அந்தரத்தில் நிற்கிற அந்தக் கணத்தில் அறையில் ஒரு பிள்ளையும் மூச்சு விடுவதில்லை.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு. இங்கே அப்பா ஒரு கம்பெனி, அம்மா ஒரு கம்பெனி. பிள்ளைகள் மாதேஸ்வரி வீட்டில். அவரும் முன்பு ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் காலர் தைத்தவர்தான். ஊர் அஞ்செட்டிப் பக்கம். அங்கே ராகிக் கொல்லைக்குள் நிஜ யானை வரும். அதனால் படப் புத்தகத்தில் யானை வந்தால் அவர் யாருடைய பேச்சையும் கேட்க மாட்டார். "புக்குல 'ப்ப்பாங்'னு போட்டிருக்காங்க. அந்த மாதிரி கத்தினா எங்க ஊர்ல ஒருத்தனும் கொல்லையை விட்டு ஓட மாட்டான்," என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துப் பிளிறுவார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு வாரம் பயப்படுவார்கள். பிறகு கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "யானை கத்திருச்சு, உலை வை" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

சாயங்காலம்தான் முக்கியமான கதை நேரம். அதுதான் கம்பெனி பஸ்கள் திரும்பும் நேரமும். ஒவ்வொரு பஸ்ஸும் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். எந்த ஹாரன் யாருடைய அம்மா என்பது பிள்ளைகளுக்கு அத்துபடி. ஹாரன் கேட்டால் அந்தப் பிள்ளை எழுந்தாக வேண்டும், கதையில் முதலை வாயைப் பிளந்துகொண்டு நின்றாலும் சரி.

"கதை பாதியில நிக்குது, பிள்ளை அழுவுது. வந்த அம்மாக்காரி நாள் பூரா நின்னு வேலை செஞ்ச காலோட வாசல்ல நிக்கறா. யாரைத் தப்பு சொல்றது?" என்பார் மாதேஸ்வரி. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. கிளம்புகிற பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து, காதோடு காதாக, அந்த இடத்திலேயே கதைக்கு ஒரு முடிவு செய்து கொடுத்துவிடுவார். முடிவு வாங்காமல் எந்தப் பிள்ளையும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. முதல் பஸ்ஸில் இறங்குகிற அப்பாவின் மகன் சுபாஷுக்கு, முதலை இன்றுவரை ரொம்ப நல்லவன். அது வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா வந்துவிடுவார்.

வாராவாரம் தொடர்கதை எழுதுகிற என்னை அவருக்கு இதனாலேயே பிடிக்காது. "நீங்க 'தொடரும்'னு போட்டு ஆளுங்களை ஒரு வாரம் தொங்க விடறீங்களேம்மா. உங்க கதையை இந்தப் பசங்களுக்குச் சொன்னேன்னு வைங்க, ஒரு பிள்ளையும் வீடு போய்ச் சேராது," என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். காபி மட்டும் நன்றாகப் போட்டுக் கொடுப்பார்.

எழுத்தாளர்களை அவர் எடை போடுவதும் பஸ்ஸை வைத்துத்தான். புத்தகத்தைத் திறந்ததும் முதலில் எழுதியவர் பெயரைப் படிப்பார். பிள்ளைகள் அந்தப் பெயர்களுக்கு உறவு வைத்திருக்கிறார்கள். தேன்மலர் பொன்னையா, 'யானை அத்தை'. ஒரு பக்கத்துக்கு ஒரு மிருகம், இரண்டு வரி, அவ்வளவுதான் எழுதுவார். "எங்க நிறுத்தினாலும் அங்கயே கதை உக்காந்துக்கும். இந்தம்மா வீட்ல யாரோ ஷிப்டு போறாங்க, நிச்சயமா," என்பது மாதேஸ்வரியின் தீர்மானம். குமரேசன் துரைக்கண்ணு, 'மழை மாமா'. அவர் பாட்டாக எழுதுவார், வாக்கியம் ஒரு பக்கத்தில் ஏறி மறு பக்கத்தில் இறங்கும். "நல்ல மனுசன்தான். ஆனா நடுவுல ஹாரன் அடிச்சா எனக்குப் புரையேறுது." அவரைக் காலையில் மட்டும்தான் படிப்பார். இன்னொருவர் இருக்கிறார். திருடன் யார் என்பதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒளித்து வைப்பவர். அவருடைய புத்தகங்கள் மட்டும் பீரோ மேல் கிடக்கின்றன. "அவருக்கு வேற வேலையில்ல. நமக்குப் பஸ் இருக்குது."

மற்றவை எல்லாம் அறையின் குறுக்கே கட்டிய கொடியில் துணி கிளிப் மாட்டித் தொங்கும். கொடியை விட்டு இறங்கிய புத்தகம் சாயங்காலத்துக்குள் கொடிக்குத் திரும்பிவிட வேண்டும். வீட்டுக்குக் கொடுப்பதில்லை. ஒருமுறை கொடுத்தார். வாங்கிப்போன குடும்பம் வேறு கம்பெனி கிடைத்து இரவோடு இரவாகப் பெங்களூர் போய்விட்டது. மழை மாமாவின் தவளையும் கூடவே போயிற்று. "எல்லை தாண்டிப் போன தவளை திரும்புமா?" என்று இன்றும் பெருமூச்சு விடுவார்.

கடைசிப் பஸ்ஸின் பிள்ளை சுவாதி. நான்கரை வயது. அவள் அம்மா ஜோதிமணிக்குக் கோவில்பட்டிப் பக்கம். எலக்ட்ரானிக் போர்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பற்றவைத்தது சரியா என்று சொல்லும் வேலை. தினமும் ஓட்டமும் நடையுமாக வந்து, செருப்பைக் கழற்றும்போதே, யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னைக்கும் நாந்தான் கடைசியாக்கா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியின் கனம் பெற்றவர்களுக்குத் தெரியும்.

சேர்ந்த புதிதில் சுவாதியும் அழுதவள்தான். அப்போதுதான் மாதேஸ்வரி ஒரு பெயிண்ட் வாளியைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் அவளை உட்கார வைத்தார். "கண்ணு, மத்தவங்களுக்கெல்லாம் நான் செஞ்ச முடிவு. கடைசியா இருக்கிறவங்களுக்குத்தான் புக்குல இருக்கிற நெஜ முடிவு," என்றார். அன்றோடு அழுகை நின்றது. மறுநாள் காலையில் சுவாதி அதே வாளியில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தாள். "உன்னோட முதலை பொய். நெஜ முதலை செருப்பை முழுங்கிருச்சு." தெருவில் மூன்று வயதுப் பிள்ளைகள் கூட்டமாக வந்து ஒரு நான்கரை வயதுக்காரியிடம், "அப்புறம் நெஜமா என்னாச்சு?" என்று கேட்பதை நான் என் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

நான் காபி சிந்திய அன்றைக்கு யானை அத்தையின் புதுப் புத்தகம். மாதேஸ்வரி அதைப் புத்தகக் காட்சியில் வாங்கி, இரண்டு நாள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து எடுத்திருந்தார். யானை ஒன்று டவுன் பஸ்ஸில் ஏறுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மிருகம் இறங்குகிறது. யானை மட்டும் இறங்குவதில்லை.

"மூன்றாவது நிறுத்தம். ஆடு இறங்கியது," என்று படித்தார் மாதேஸ்வரி.

"யானை இறங்கவில்லை," என்று முழங்கியது பாய்.

முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சுபாஷ் தானாகவே எழுந்து, செருப்பை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு, காதைக் காட்டினான். மாதேஸ்வரி குனிந்து ஓதினார். அவன் திருப்தியாகத் தலையாட்டினான். கதவைத் தட்டிக்கொண்டு அவன் அப்பா பாஸ்கரன் வந்தார். அவருக்குப் பின்னால், நீலக் கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல், முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக ஜோதிமணி.

"ஏட்டி சுவாதி, யாரு வந்திருக்கான்னு பாரு. மொத பஸ்ஸுட்டி!" என்றாள். மாதேஸ்வரி பக்கம் திரும்பி, "சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக் கெஞ்சி சீக்கிரம் விடுற லைனுக்கு மாத்தி வாங்கிட்டேங்க்கா. இனிமே நா கடைசி இல்ல," என்றாள்.

வாளியின் மேல் உட்கார்ந்திருந்த சுவாதி அம்மாவைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். யானை இன்னும் பஸ்ஸில்தான் இருந்தது.

"இப்ப ஏன்மா வந்த?" என்றாள். "நீ திரும்பிப் போய்ட்டு கடைசி பஸ்ல வா."

பாஸ்கரன் சிரித்துவிட்டார். "உம் பொண்ணு உன்னை ஓ.டி. பாக்கச் சொல்லுதும்மா," என்றார். ஜோதிமணியும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வழி தெரியாமல் நின்றது. எந்த முகத்தை நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கெஞ்சினாளோ, அந்த முகம் அவளைப் போகச் சொல்கிறது. என் தொடர்கதையாக இருந்தால் இந்த இடத்தில் 'தொடரும்' போட்டிருப்பேன்.

மாதேஸ்வரிக்கு அந்தப் பழக்கம் இல்லையே. "நாந்தான் கெடுத்து வெச்சிருக்கேன் தாயி. கடைசின்னா ராஜாங்கம்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டேன்," என்று ஜோதிமணியிடம் முணுமுணுத்துவிட்டு, சுவாதியை இழுத்துக் காதில் ஓதினார்.

சுவாதி காதை விடுவித்துக்கொண்டாள். "யானை வீட்டுக்குப் போய், கால் கழுவி, களி சாப்பிட்டுத் தூங்கிருச்சா? இது சுபாஷோட முடிவு. தினமும் எல்லாரும் களி சாப்பிடறாங்க."

"என் யானைக்குக் களி பிடிக்கும்," என்றான் சுபாஷ், வாசலிலிருந்து ரோஷமாக.

மாதேஸ்வரி சுவாதியையும் ஜோதிமணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை ஜோதிமணியிடம் நீட்டினார். "இந்தா. உட்காரு. நீ படி."

"நானாக்கா? நா இதெல்லாம் படிச்சுக் காட்டுனதே இல்லியே."

"நாள் பூரா கண்ணுக்குத் தெரியாத கம்பியெல்லாம் பாக்கறவ. இவ்ளோ பெரிய யானை தெரியாதா உனக்கு?"

ஜோதிமணி கோட்டு நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தன் பக்கமாகவே திருப்பிப் பிடித்தாள். "படம் எங்களுக்குத் தெரியணும்," என்று நான்கு குரல்கள் திருத்தின. "நா...லாவது நிறுத்தம். குரங்கு இறங்கியது. யானை..." என்று நிறுத்தி, தயங்கி, மகளைப் பார்த்தாள்.

"பிளிறணும்," என்றாள் சுவாதி.

"பிளிறணுமாட்டி?"

"மாதேம்மா பிளிறுவாங்க."

ஜோதிமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யானை கத்தி அவள் எங்கே கேட்டாள். தினமும் இரண்டு வேளை அவள் காதில் விழுகிற பெரிய சத்தம் ஒன்றே ஒன்றுதான். அதை அப்படியே எடுத்துவிட்டாள்: கடைசிப் பஸ்ஸின் ஹாரன். ஏற்றமும் இறக்கமும் கடைசியில் ஒரு விக்கலும் உட்பட, அசல்.

கடைசிப் பஸ்ஸே வந்துவிட்டது என்று பாயில் இருந்த அத்தனை பிள்ளைகளும் குபீரென்று எழுந்து செருப்பைத் தேடி ஓடின. குட்டி கந்தன் ஜன்னல் கம்பியில் ஏறி, பஸ் எங்கே என்று பார்த்தான். பாஸ்கரனே ஒரு கணம் தெருவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் எல்லோருக்கும் விளங்கியது. சுவாதி வாளியிலிருந்து சரிந்து, பாயில் புரண்டு புரண்டு சிரித்தாள். "எங்க யானை பஸ்ஸு மாதிரி கத்துது! அம்மா, இன்னொரு வாட்டி!"

ஜோதிமணி இன்னொரு வாட்டி அடித்தாள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே. பிறகு ஐந்தாவது நிறுத்தத்துக்குப் பக்கத்தைத் திருப்பப் போனவளின் கையை மாதேஸ்வரி பிடித்துக்கொண்டார்.

"இங்க வேண்டாம். மத்த பசங்க இருக்காங்க. நெஜ முடிவை வீட்ல போய் உம் பொண்ணுக்கு மட்டும் படி." சுவாதியைப் பார்த்தார். "காலையில வந்து சொல்றியா, எல்லாருக்கும்?"

"சொல்றேன்," என்றாள் சுவாதி, உடனே நீதிபதி ஆகி. வாளியைக் கந்தன் பக்கம் காலால் தள்ளினாள். "நான் வர வரைக்கும் நீ உக்காந்துக்கோ."

"புக்கு வெளிய குடுக்க மாட்டீங்களேக்கா," என்றாள் ஜோதிமணி.

"கிளம்பு தாயி. மொத பஸ்ல வந்துட்டு இன்னும் இங்கயே நிக்கறியே."

அம்மாவின் நீலக் கோட்டுக்குள் புத்தகம் போயிற்று. சுவாதி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் ஒரு ஹாரன் பெரிதாகவும், இன்னொரு ஹாரன் கீச்சென்றும் மாறி மாறிக் கேட்டுத் தேய்ந்தன. மாதேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். எதிரே மீதிப் பிள்ளைகள். கொடியில் ஒரு கிளிப் மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. "புக்கு?" என்றான் வாளியின் மேலிருந்த கந்தன்.

மாதேஸ்வரி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நெஞ்சுக்கு நேராக விரித்துப் பிடித்தார். பிள்ளைகள் படம் பார்க்க முன்னால் சாய்ந்தார்கள். அவர் ஒரு கையை எடுத்து, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அந்தரத்தில் நிறுத்தினார்.