குளத்துக்குப் போன பிளேட்டுகள்

நாகர்கோவிலில் ராஜையனின் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கல்லாகச் சமைந்துதான் உட்கார்ந்தார்கள். மூச்சு விட்டால் முகம் கலங்கிவிடும் என்று அவர் பயமுறுத்தி வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவர் மனைவி நேசபாய்க்கு மூச்சு முட்டும். இருட்டறையில், படம் பதிகிற கண்ணாடி பிளேட்டைக் கழுவுவதுதான் அவள் வேலை. 1934இல் ஒருநாள் அவளே கேமராவைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள்.

பூங்கா பெரிதாக ஒன்றுமில்லை. சில கொன்றை மரங்கள், நடுவில் ஆம்பல் குளம். வடக்கே நிற்கிற மலை அந்தக் குளத்தில் தலைகீழாக விழுந்து கிடப்பதைக் கண்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தண்ணீரைச் சும்மா விடுமா? அவள் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் மலை நொறுங்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை மழை ஓய்ந்து, இலை அசையவில்லை. வீட்டில் மிச்சமிருந்தவை இரண்டே பிளேட்டுகள்; திங்கட்கிழமை நடக்கவிருந்த, தங்கையன் மகள் ராஜபாயின் கல்யாணப் படத்துக்காக வைத்தவை. ஒன்றை மட்டும் எடுப்போம் என்று போனாள். லென்ஸ் மூடியைத் திறந்த நேரம் பார்த்து ஒரு முக்குளிப்பான் பறவை முங்கி எழுந்து மலையைக் கலைத்தது. குளம் அடங்கியதும் இரண்டாவதையும் செருகிவிட்டாள்.

“நேசம், பிளேட்டு எங்க?” என்று கேட்டார் ராஜையன்.

“குளத்துக்குப் போச்சு.”

அவர் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். “கல்யாண வீட்டுல நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன் ஏட்டி?”

“நீங்க போவாண்டாம். நான் போறேன்.”

பெண்ணின் அப்பா தங்கையன் அவளை வாசலிலேயே நிறுத்தினார். “தண்ணியப் படம் பிடிச்சியா? தண்ணிக்கு என்ன, கல்யாணமா?”

கதவுக்குப் பின்னாலிருந்து ராஜபாய் பேசினாள்: “எனக்க படத்தத் தின்ன குளத்த நானும் பாக்கணும். புது பிளேட்டு வந்ததும் அங்க வச்சே எடுங்கக்கா.”

அப்படியே கல்யாணம் கழிந்து, புது பிளேட்டு வந்ததும் ஜோடி கல்யாண உடுப்போடு குளத்தங்கரைக்கு வந்தது. காற்று அன்றும் அடித்தது. ராஜபாயின் தலையிலிருந்த வலைத்துணி பறந்து மாப்பிள்ளையின் முகத்தை மூட, அவள் சிரித்துவிட்டாள். நேசபாய் அப்போதுதான் மூடியைத் திறந்தாள்.

படத்தில் மாப்பிள்ளைக்கு முகமே இல்லை. தங்கையன் அதைக் கையால் தொடவில்லை. ராஜையன் ஸ்டூடியோவில் வேறொன்று எடுத்துக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார். கொஞ்ச நாளில் ராஜபாய் தனியாக வந்து, தான் சிரிக்கிற படத்தைக் கேட்டு வாங்கித் துணியில் பொதிந்துகொண்டு போனாள்.

முன்பு குளத்தை எடுத்த அந்த இரண்டாவது பிளேட்டில் மலை ஒரு கீறல் இல்லாமல் விழுந்திருந்தது. ராஜையன் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டினார். வந்தவர்கள் எது மேல், எது கீழ் என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். நேசபாய்க்கோ அசையாத தண்ணீர் சீக்கிரமே சலித்துவிட்டது.

“திற்பரப்பு அருவில தண்ணி விழுயதப் படம் எடுக்கணும்” என்றாள்.

“அது ஒரு நொடி நிக்காதே.”

“நிக்காண்டாம்.”

அடுத்த முறை பிளேட் வரவழைத்தபோது, ராஜையன் அவளுக்கென்று தனியாக ஒரு பெட்டி சேர்த்து வரவழைத்தார்.