கொத்தில்லா

1991 டிசம்பர் 12, வியாழக்கிழமை. கல்லூரி விழாவுக்கான கன்னட நாடகத்தில், தமிழனான நான்தான் கதாநாயகன். விளக்குகளைக் கவனித்துக்கொண்டவன் குமார்; ஆம்பூரிலிருந்து வந்து படித்த என் வகுப்புத் தோழன். அவன் அறிந்த ஒரே கன்னடச் சொல், தெரியாது என்று பொருள்படும் "கொத்தில்லா".

"மச்சி, இத வச்சே மூணு வருஷத்த ஓட்டிருவியாடா?" என்று கிண்டல் செய்வேன்.

"கொத்தில்லா!" என்று சிரிப்பான்.

அன்று காவிரிக் கலவரம் வெடித்ததால் ஒத்திகையைப் பாதியில் நிறுத்தினார்கள். நாங்கள் இருவரும் சிவாஜிநகருக்கு நடந்தபோது ஒரு கும்பல் மறித்து, கன்னடத்தில் பேசச் சொன்னது. நாடகத்தில் பழகிய கன்னடம் எனக்குத் தடையில்லாமல் வந்தது. குமாருக்கு வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்தவர்கள் என்னைக் காட்டி, இவனும் உன் ஆளா என்று அவனிடம் கேட்டார்கள்.

முன்பின் பார்த்திராதவன்போல் குமார் என்னைப் பார்த்தான். "கொத்தில்லா" என்றான்.

என்னைப் போகச் சொன்னார்கள். போனேன். பின்னால் அவன் அலறியது கேட்டும் திரும்பவில்லை.

ஒரு கண் பறிபோன குமார் கல்லூரிக்கு வரவே இல்லை. பிப்ரவரியில் நாடகம் நடந்தது, நன்றாகக் கைதட்டினார்கள். இதே ஊரில்தான் இருக்கிறேன். கன்னடம் தெரியுமா என்று யாராவது கேட்டால், தெரியும் என்று சொல்ல இன்றும் எனக்கு நா எழுவதில்லை.