வாய்விட்டுச் சொன்னவள்

திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஹன்னாவுக்கு ஆறு வருஷமாக வேலை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள், "அந்த ஹன்னாம்மா கிறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். பிள்ளை முகம் சுளிப்பதற்குள் அவள் ரத்தம் எடுத்துப் பஞ்சு வைத்திருப்பாள். அப்பேர்ப்பட்ட கை. அந்தக் கையைப் பார்த்தே அவள் பயப்படுகிற ஒரு காலம் வந்தது.

கல்யாணமாகி நாலாம் வருஷம் உண்டானாள். புருஷன் ஜாபேஸ் மருந்து மொத்தக் கடையில் வேலை செய்கிறவன், தன்மையானவன். பிரசவத்துக்குச் சித்தூரில் இருக்கும் அம்மா ஞானசௌந்தரி வீட்டுக்கு வந்தாள். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. ஸ்வீட்டி என்று பேர் வைத்தார்கள். சபை ஜனங்கள் வரிசையாக வந்து, ஜெபித்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் ஹன்னாவுக்கு அழுகை வந்தது. "எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள் அம்மா. ஒரு மாசம் ஆகியும் அது நிற்கவில்லை. பிள்ளை தூங்கினாலும் அவளுக்குக் கண் மூடவில்லை. சோறு மண்ணாக இருந்தது. மடியில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால், பஸ் ஸ்டாண்டில் யாரோ 'கொஞ்சம் பிடிங்க' என்று கொடுத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி இருந்தது. எப்போது திரும்பி வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று அவள் மனசு காத்துக்கொண்டே இருந்தது.

ஆறாம் வாரம், வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கும் 'ஆஷா' சுகாதாரப் பணியாளர் வெங்கடம்மா வந்து பிள்ளையை எடை போட்டாள். எடை ஏறியிருந்தது. "பாகுந்தி, பாகுந்தி" என்று அம்மாவிடம் தெலுங்கில் மெச்சிவிட்டு, ஹன்னாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ இன்னாம்மா இப்டி எளச்சி கிற? வேளைக்கு துன்னு. மனசுல இருக்கறத அடக்கி வெக்காத. யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லிடு."

ஹன்னா பிள்ளையைத் தராசிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றினாள்.

அடுத்த வியாழக்கிழமை அம்மா பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஹன்னா காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். 'கையை விட்டால் எல்லாம் முடிந்துவிடும்' என்று ஒரு நினைப்பு வந்தது. கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றுவதுபோல, சாதாரணமாக வந்தது. பிள்ளையைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கமலம்மா கையில் கொடுத்தாள். ஈரப் புடவையோடு தெருவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஞானசௌந்தரி மகளின் வாயைப் பொத்தினாள். "இத இன்னொரு தபா சொல்லாதடி. சாத்தான் காரியம். நான் உபவாசம் இருக்கறேன்."

ஹன்னா ஜாபேஸுக்குப் போன் போட்டாள். அவன் அன்று சாயங்காலமே வந்தான். மறுநாள் திருப்பதியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார். "இது பிரசவத்துக்கப்புறம் வர்ற நோய். உங்க குத்தம் இல்ல. மாத்திரையில சரியாவும். பால் குடுக்கலாம். கூட ஒருத்தர் துணைக்கு இருக்கணும், ஆனா புள்ளைய உங்ககிட்டருந்து பிரிக்கக் கூடாது" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஜாபேஸ் தோளில் சாய்ந்து ஹன்னா தூங்கிப்போனாள். அத்தனை நாளில் அதுதான் அவள் தூங்கிய தூக்கம்.

ஜாபேஸ் தன் அம்மா சற்குணத்திடம் விஷயத்தைச் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்கு மறைத்துப் பழக்கமில்லை. மூன்றாம் நாள் சற்குணம் புத்தூரிலிருந்து பால்புட்டியும் பால்பவுடர் டப்பாவுமாக வந்து இறங்கினாள். கெட்ட மனுஷி இல்லை. ஹன்னாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"உன்ன குத்தம் சொல்லலம்மா. நீ தேறிக்கினு வா, புள்ளய குடுத்துட்றேன்."

"டாக்டர் ஒண்ணா இருக்கச் சொன்னாங்க, அத்த."

"ஏதாவது ஆச்சின்னா டாக்டரா வந்து பதில் சொல்லுவாங்க?"

ஹன்னா ஜாபேஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் வழக்காடத் தெம்பில்லை. தன் கையைத் தானே நம்பாதவள் எதைச் சொல்லிப் பிள்ளையைக் கேட்பாள்?

அன்றைக்கே சற்குணம் பிள்ளையைப் புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஹன்னா பால் கட்டி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். பிறகு பால் வற்றிவிட்டது. மாத்திரை வேலை செய்தது. நாலாம் மாசம் பசித்தது, தூக்கம் வந்தது. வேலைக்கும் திரும்பினாள். பிள்ளை வேண்டும் என்ற ஏக்கமும் அப்போதுதான் முதல்முதலாக வந்தது. டாக்டரம்மாவிடம், இவள் தேறிவிட்டாள் என்று ஒரு கடிதாசி வாங்கிக்கொண்டு புத்தூருக்குப் போனாள்.

சற்குணம் கடிதாசியைப் பிரிக்கவில்லை. "இன்னும் மாத்திர போட்டுக்கினுதான கிற?"

"ஆமா, அத்த. ஒரு வருஷம் போடணுமாம்."

"அப்ப தேறலன்னுதான அர்த்தம்? மாத்திரய நிறுத்திட்டு வா."

ஹன்னா யாரையும் கேட்காமல் நிறுத்தினாள். ரெண்டு மாசம் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையைக் கேட்டபோதெல்லாம், "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்றாள் சற்குணம். அப்புறம் ஒரு நாள், டிபன் டப்பாவைத் திறந்தவளுக்குச் சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தூக்கம் போயிற்று. பழைய பாரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அது இன்னது என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் மறுபடி மாத்திரை. மாத்திரை என்றால் பிள்ளை இல்லை. அவள் போகவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, ஜாபேஸிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் ஹன்னாவும் ஜாபேஸும் புத்தூருக்குப் போகிறார்கள். ஸ்வீட்டி இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஹன்னா தூக்கினால் உதட்டைப் பிதுக்கி, சற்குணத்தின் பக்கம் சாய்கிறாள். "பழகினா சரியாப் பூடும்" என்று சற்குணம் சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொள்கிறாள்.

போன வாரம் திரும்பி வரும்போது ஜாபேஸ் கேட்டான், "உடம்பு பரவால்லயா? முகம் ஒரு மாதிரி கீதே."

"நல்லாத்தான் கிறேன்" என்றாள் ஹன்னா. அவனும் அதற்குமேல் கேட்கவில்லை.