அம்மாவிடம் தெரிந்த அறிகுறிகள்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரையெல்லாம் வரச்சொல்லி ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த மனநல ஆலோசகர் ஒருவர், செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் பிள்ளைகள் நாளடைவில் நிஜத்திலும் முரடாகிவிட வாய்ப்புண்டு என்று பேசினார். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் ஏழு என்று சொல்லி, அவற்றை அச்சடித்த தாளையும் ஆளுக்கொன்று கொடுத்தார். அறந்தாங்கி முழுக்கத் தேடினாலும் அந்த ஏழும் என்னைத் தவிர வேறு யாரிடமும் இருக்காது என்பதுபோல, அம்மா வீடு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவளுடைய போனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பாராசூட்டில் ஒரு தீவில் குதித்து, கிடைத்த துப்பாக்கியை எடுத்து, கண்ணில் படுகிறவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளி, கடைசி ஆளாக நிற்க வேண்டும். வகுப்பில் பையன்களே என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். போதாததற்கு, என் பென்சில் பாக்ஸை ஒளித்துவைத்த ஒருவனை ஸ்கேலால் அடித்துவிட்டேன் என்ற புகாரும் அந்த வாரம்தான் வந்திருந்தது. அந்த விளையாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவனை அடித்துவருகிறேன் என்ற என் விளக்கம் எடுபடவில்லை. போன் பறிபோனது. தாள் பிரிட்ஜ் கதவில் ஏறியது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவர் இருந்த ஊரில் இணையம் வழியாகக் கூப்பிட்டால் இணைப்புக் கிடைக்காது, கிடைத்தாலும் அறுந்துபோகும். எழுதலாம், படம் அனுப்பலாம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவராகக் கூப்பிட்டால் பத்து நிமிஷம் பேசுவார். அதில் பாதி என் மார்க்கை விசாரிப்பதிலேயே போய்விடும். கொஞ்ச நாளில் அந்த அழைப்பும் குறைந்துபோனது. மார்க் சொல்ல வேண்டிய தொல்லை விட்டதென்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியில் ஒருநாள் பிரிட்ஜைத் திறக்கப்போனபோதுதான் தாளில் இருந்த இரண்டாவது அறிகுறி கண்ணில் பட்டது. தனிமையை நாடுதல். அம்மா கொஞ்ச நாளாகவே போனை எடுத்துக்கொண்டு அடிக்கடி மொட்டைமாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான்காவது, காரணமின்றித் தனக்குத்தானே சிரித்தல். முந்தின நாள் பருப்பு கடையும்போது சிரித்தாள். ஐந்தாவது, அன்றாட வேலைகளில் கவனமின்மை. அந்த வாரத்தில் மட்டும் பால் இரண்டு தடவை பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது. சந்தேகம் வந்து, அவள் குளிக்கப்போன நேரத்தில் போனைப் பார்த்தேன். என் விளையாட்டு அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. கடைசியாக ஆடியது அன்றைக்கு மத்தியானம்.

என்னிடமிருந்து பிடுங்கித் தான் ஆடுகிறாளே என்று முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு பயமாகிவிட்டது. ஏழாவது அறிகுறி முரட்டுத்தனம் அல்லவா.

அதுவும் வந்து சேர்ந்தது. கட்டுமாவடியிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருபவர் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறவள் அம்மா. அன்றைக்குச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீனைத் திரும்ப அவருடைய பெட்டியிலேயே போட்டாள். "இத நீங்களே கொண்டுபோயி ஒங்க வீட்டுல கொழம்பு வைங்க" என்றாள். அவர் திகைத்துப்போய் வேறு மீனை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பஸ்ஸில், யாரோ ஒருவர் துண்டு போட்டுப் பிடித்திருந்த சீட்டில் அந்தத் துண்டை நாலாக மடித்து, ஜன்னல் வழியாக அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுத்தது வெட்டுதான் என்று தீர்மானித்தேன்.

அன்று சாயங்காலமே அரிவாள்மணையையும் இரண்டு கத்திகளையும் பழைய சாக்கில் சுற்றி, குளியலறைக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். அடுத்த இரண்டு நாளும் வீட்டில் அப்பளமும் முட்டையும்தான். அம்மா தேடித் தேடிச் சலித்து, தேங்காய்ச் சில்லைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள். அது எனக்கு இன்னும் கலவரமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, அரிமளத்தில் இருந்த தாய்மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, அம்மா யாரையாச்சும் வெட்டிரும்போல இருக்கு. கேம் வெளையாண்டு வெளையாண்டு இப்படி ஆயிருச்சு."

மாமா எந்த விளையாட்டும் ஆடியறியாதவர். வயலுக்குத் தண்ணீர் திறப்பதில் வருடத்துக்கு இரண்டு கைகலப்பு, கல்யாணப் பந்தியில் ஒன்று என்று எல்லாவற்றையும் நேரிலேயே முடித்துக்கொள்வார். இடது புருவத்தில் நாலு தையல் உண்டு. தங்கச்சிக்கு இப்படி ஒரு மூர்க்கம் வந்துவிட்டதே என்று பதறி, எங்கள் பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். வரும் வழியில் வழிவிடாத ஒரு வேன்காரர்மேல் கை வைத்துவிட்டதாகச் சொன்னார். சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம். சின்ன வயசிலேயே கோபத்தை அடக்கப் பழக வேண்டும் என்று எனக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினார்.

அம்மா தண்ணீர்த்தொட்டி நிழலில், காதில் ஹெட்செட்டோடு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிட்டு போகாதீங்க, சுடுறான்" என்றாள் போனைப் பார்த்து. "இங்கிட்டு வாங்க. நான் இந்த ஓட்டு வீட்டுக்குள்ளதான் ஒக்காந்திருக்கேன்."

எதிராளியிடம்கூட மரியாதையாகப் பேசுகிறாளே என்று நான் நினைத்தேன். மாமாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டிருக்க வேண்டும். முகம் கறுத்துப்போய் இரண்டு எட்டில் பாய்ந்து போனைப் பிடுங்கினார். ஹெட்செட் வயர் கழன்று வந்தது. மொட்டைமாடி முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் நின்று பேசுவதுபோல அப்பாவின் குரல் கேட்டது.

"வந்துட்டேன், வந்துட்டேன். ஆமா, நீ சாப்பிட்டியா? இன்னைக்கு என்ன கொழம்பு?"

அம்மா எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "அந்த ஊருல இந்த கேமுலதாண்ணே பேச்சு அறுந்துபோகாம கேக்குது. அவருகூட வேல பாக்குற பசங்க சொல்லிக்குடுத்தாங்களாம்."

மாமா போனை வாய்க்கருகில் கொண்டுபோனார். "மச்சான், நான்தான்" என்றார். மாமாவிடமிருந்து அப்படி ஒரு தணிந்த குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அப்பாவும் ரொம்ப மரியாதையாக, வாங்க மச்சான், எப்ப வந்தீங்க, வயல் நடவு முடிஞ்சுதா என்று அந்த ஓட்டு வீட்டுக்குள்ளிருந்தே விசாரித்தார். நடவைப் பற்றி மாமா சொல்லத் தொடங்கியபோது எவனோ கதவைத் திறந்துகொண்டு வந்து அம்மாவைச் சுட்டான்.

மாமாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எவன்டா அவன்? ஏ புள்ள, இதுல எதத் தொட்டா சுடும்?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள் அம்மா.

அதற்குள் அப்பாவும் செத்துப்போனார். மாமா போனை அம்மாவின் கையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கேமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ இங்கிட்டு வராம கீழ ஒக்காந்து படி, ஆத்தா" என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு ஒரே ஏமாற்றமாக இருந்தது. அன்று ராத்திரி, விளையாட்டில் அம்மா தனக்கென்று தொடங்கியிருந்த கணக்கைத் திறந்து பார்த்தேன். அதுவரை ஆடியது அறுபத்து மூன்று ஆட்டம். சுட்டு வீழ்த்தியது பூஜ்யம். பெற்ற தாய் இப்படி ஆடுவது வெளியே தெரிந்தால் வகுப்பில் என் மரியாதை என்னாவது என்று, மறுநாள் அவளை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எது துப்பாக்கிப் பொத்தான், எப்படிக் குறிபார்ப்பது, அப்பா எந்தப் பக்கம் நின்று காவல் காக்க வேண்டும். அவளும் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி பார்த்தேன். நாலு ஆட்டம் கூடியிருந்தது. பூஜ்யம் மாறவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் வராது என்று விட்டுவிட்டேன். ஆனாலும், ஒரு குண்டைக்கூடச் செலவழிக்காமல் இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் அவ்வளவு நேரம் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.